இணைவு உலைகளின் பிளாஸ்மா விளிம்பில் மாசு இடப்பெயர்வு மாதிரியாக்கம்

பிளாஸ்மா விளிம்பில் மாசு இடப்பெயர்வு மாதிரியாக்கம் என்பது, அணுக்கரு இணைவுக் கருவிகளின் சுவரிலிருந்து பெயர்ந்து வரும் அயல் அணுக்கள் பிளாஸ்மாவின் ஓரப் பகுதியில் எப்படி அயனிகளாகின்றன, எந்தப் பக்கம் நகர்கின்றன, எங்கே போய்ப் படிகின்றன என்பதைக் கணினியில் கணக்கிட்டு ஆராயும் இயற்பியல் துறையாகும். எரிபொருளான டியூட்டீரியம், டிரிட்டியம் ஆகியவற்றைத் தவிர பிளாஸ்மாவில் காணப்படும் எந்த அணுவும் இத்துறையில் மாசு எனப்படும். கரி, ஆக்சிஜன், பெரிலியம், டங்ஸ்டன் ஆகியவை மட்டுமல்ல, இணைவு வினையில் உருவாகும் ஹீலியமும் ஒருவகையில் மாசுதான். அதனை 'ஹீலியச் சாம்பல்' என்பர்.

இயற்பியல் நூல்களில் இத்தகைய நகர்வைக் 'கடத்தல்' என்றும் எழுதுவதுண்டு. மாசுக் கடத்தல் என்று எழுதினால் சுங்கத்துறைச் செய்தி போலத் தோன்றுவதால், இக்கட்டுரையில் 'இடப்பெயர்வு' என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

மாசினால் வரும் இடர்

டோகாமாக் என்னும் வளைய வடிவக் கருவியில், காந்தப்புலத்தால் தாங்கிப் பிடிக்கப்பட்ட பிளாஸ்மாவின் நடுப்பகுதி சுமார் 15 கோடி டிகிரி செல்சியசு வரை சூடாக்கப்படுகிறது. ஒரு டியூட்டீரியம் அணுக்கருவும் ஒரு டிரிட்டியம் அணுக்கருவும் இணையும்போது 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படும். அதில் 14.1 பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். எஞ்சிய 3.5 பங்குடன் பிறக்கும் ஹீலியம் அணுக்கருவே பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வருமானத்தில் குடும்பம் நடத்துவது போன்றது இது. இதிலும் கசிவு ஏற்பட்டால் உலை அணைந்துவிடும்.

அந்தக் கசிவை உண்டாக்குபவை மாசு அணுக்களே. ஹைட்ரஜன் அணு தன் ஒற்றை எலக்ட்ரானை இழந்துவிட்டால், அதன்பின் அதனிடமிருந்து நிறமாலை வரிகளாக ஒளி வெளிவராது. டங்ஸ்டனுக்கு 74 எலக்ட்ரான்கள் உண்டு. பிளாஸ்மாவின் நடுவிலுள்ள கொடிய வெப்பத்தில்கூட அவை முழுவதும் கழன்றுவிடுவதில்லை. ஒட்டியிருக்கும் எலக்ட்ரான்கள் மோதல்களால் மேல்மட்டத்துக்கு ஏறுவதும் கீழே விழுவதுமாக, பிளாஸ்மாவின் ஆற்றலை இடைவிடாது கதிர்வீச்சாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு இலட்சம் துகள்களில் சில டங்ஸ்டன் அயனிகள் இருந்தாலே உலையின் செயல்பாடு பாதிக்கப்படும். கரியோ பெரிலியமோ ஓரிரு விழுக்காடு இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

ஆயினும் இலேசான மாசு தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பிளாஸ்மா மொத்தத்தில் மின்சமநிலை உடையது. கரி அயனி ஒன்று தன் ஆறு எலக்ட்ரான்களையும் இழந்து நின்றால், அது ஆறு எரிபொருள் அயனிகளின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. எலக்ட்ரான் எண்ணிக்கையில் 3 விழுக்காடு அளவுக்குக் கரி அயனிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுக்குரிய எலக்ட்ரான்கள் 18 விழுக்காடு. எனவே எரிபொருளுக்கு எஞ்சுவது 82 விழுக்காடு. இணைவு வீதம் எரிபொருள் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.82இன் வர்க்கம் 0.67. அதாவது வெறும் 3 விழுக்காடு கரி, உலையின் திறனில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. மாணவர்கள் இக்கணக்கைப் பெரிலியத்துக்கும் (நான்கு எலக்ட்ரான்கள்) ஹீலியத்துக்கும் செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1975இல் இயங்கத் தொடங்கிய பிஎல்டி என்னும் டோகாமாக்கில் இந்த இடர் நேரில் காணப்பட்டது. அதில் பிளாஸ்மாவின் ஓரத்தைக் கட்டுப்படுத்த டங்ஸ்டன் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து கிளம்பிய டங்ஸ்டன் நடுப்பகுதியில் சேர்ந்துகொண்டதால், எது மிகச் சூடாக இருக்க வேண்டுமோ அந்த நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துபோனது. தகடுகள் கரிக்கு மாற்றப்பட்டன. 1978இல் அதே கருவி 6 கோடி டிகிரியைத் தாண்டியது. இதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்துறையில் கரிதான் கோலோச்சியது.

விளிம்பு என்பது எது

டோகாமாக்கின் உள்பகுதியில் காந்தப்புலக் கோடுகள் தமக்குள் மூடிய பரப்புகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் துகள்கள் எளிதில் சுவரை எட்டுவதில்லை. கடைசி மூடிய பரப்பைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. அங்குள்ள புலக்கோடுகள் திறந்தவை. அவை கருவியின் அடியில் உள்ள டைவர்ட்டர் எனப்படும் திசைதிருப்பித் தகடுகளில் சென்று முடிகின்றன. உள்ளிருந்து கசியும் துகள்களும் வெப்பமும் இக்கோடுகளின் வழியே தகடுகளை நோக்கிப் பாய்கின்றன. கடைசி மூடிய பரப்பின் இருபுறமும் உள்ள மெல்லிய பகுதியே விளிம்பு. வெப்பம் பாயும் படலத்தின் தடிமன் பெரிய கருவிகளிலும் சில மில்லிமீட்டர்தான். பிரான்சின் கதராஷில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் கருவியில் அது 1 மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கக்கூடும் என்று கணித்தவர்களும் உண்டு. அந்த டைவர்ட்டர் தகடுகள் தொடர்ந்து தாங்க வேண்டிய வெப்பம் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட். சூரியனின் மேற்பரப்பில் வெளிவருவது 63 மெகாவாட் என்பதோடு இதனை ஒப்பிட்டால், பொறியாளர்களின் கவலை புரியும்.

ஒரு டங்ஸ்டன் அணுவின் பயணம்

மாதிரிகள் எதைக் கணக்கிடுகின்றன என்பதை அறிய, தகட்டிலிருந்து கிளம்பும் ஒரே ஓர் அணுவைப் பின்தொடர்வதே நல்ல வழி.

முதலில் அது கிளம்ப வேண்டும். பிளாஸ்மா அயனி ஒன்று தகட்டில் மோதி, அங்குள்ள அணுவைப் பெயர்த்தெறிவது தெறிப்பு அரிப்பு எனப்படும். டங்ஸ்டன் அணுவைப் பரப்பிலிருந்து பிரிக்கச் சுமார் 8.7 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஆனால் டியூட்டீரியத்தின் நிறை எண் 2, டங்ஸ்டனுடையது 184. இரு பந்துகள் நேருக்கு நேர் மோதும்போது மாறும் ஆற்றலின் உச்சப் பங்கைப் பள்ளிக் கணக்காகவே போடலாம்: நிறைகளின் பெருக்கற்பலனை நான்கால் பெருக்கி, கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கிரிக்கெட் உருளை மீது கோலிக்குண்டை எறிவது போலத்தான். எனவே 8.7 எலக்ட்ரான் வோல்ட்டைக் கொடுக்க, மோதும் டியூட்டீரியத்திடம் 200க்கு மேல் இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 220. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு அருகில் வருவது இத்துறையில் அரிது. அனுபவிக்க வேண்டிய இடம் இது.

மோதும் அயனியின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தகட்டை ஒட்டி மிக மெல்லிய மின் உறை ஒன்று உருவாகியிருக்கும். இலேசான எலக்ட்ரான்கள் முந்திக்கொண்டு தகட்டை அடைவதால் அது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அது அயனிகளை இழுத்து முடுக்குகிறது. இவ்வாறு கிடைக்கும் ஆற்றல், எலக்ட்ரான் வெப்பநிலையின் சுமார் மூன்று மடங்கை அயனியின் மின்னூட்டத்தால் பெருக்கிய அளவு. அதனுடன் அயனியின் வெப்ப ஆற்றலாக வெப்பநிலையின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். தகட்டருகே வெப்பநிலை 10 எலக்ட்ரான் வோல்ட் என்றால், டியூட்டீரியம் 50 எலக்ட்ரான் வோல்ட்டுடன் மோதும். 220க்கு இது எம்மாத்திரம்! டங்ஸ்டன் அசையாது.

ஆனால் அதே பிளாஸ்மாவில் நான்கு மின்னூட்டம் கொண்ட கரி அயனி இருந்தால், அது 140 எலக்ட்ரான் வோல்ட்டுடன் வந்து மோதும். அதன் நிறை 12 என்பதால் ஆற்றலில் 23 விழுக்காடு வரை கைமாறும். டங்ஸ்டன் பெயர்ந்துவிடும். டங்ஸ்டன் சுவரை அரிப்பது பெரும்பாலும் எரிபொருளல்ல, மற்ற மாசுகளே. ஒரு மாசு இன்னொரு மாசை உண்டாக்கும் இச்சங்கிலியைக் கணக்கில் கொள்ளாத மாதிரி எதுவும் உதவாது.

பெயர்ந்த அணு நடுநிலையானது. காந்தப்புலம் அதைக் கட்டாது. நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் செல்லும். அடர்த்தியான டைவர்ட்டர் பிளாஸ்மாவில் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே எலக்ட்ரான் ஒன்று மோதி அதை அயனியாக்கிவிடும். அயனியானதும் காந்தப்புலம் அதை வட்டமடிக்க வைக்கிறது. டங்ஸ்டன் கனமானது, அதன் வட்டத்தின் ஆரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கிளம்பிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் அயனியாகி, அதைவிடப் பெரிய வட்டம் போட்டால் என்ன ஆகும்? முதல் சுற்றிலேயே தகட்டில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கு உடனடி மறுபடிவு என்று பெயர். டைவர்ட்டரில் பெயரும் டங்ஸ்டனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இவ்வாறு திரும்பிவிடக்கூடும். டங்ஸ்டன் இன்று சுவர்ப் பொருளாக ஏற்கப்பட்டிருப்பதற்கு அதன் உருகுநிலை மட்டுமல்ல, இந்த நற்பேறும் காரணம்.

தப்பித்த சில அயனிகளே இனி நமக்கு வேண்டியவை. அவற்றின்மீது புலக்கோட்டின் திசையில் ஒன்றோடொன்று முரண்படும் விசைகள் செயல்படுகின்றன. முதலாவது உராய்வு விசை. எரிபொருள் அயனிகள் தகட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. வாய்க்கால் நீர் சருகை அடித்துச் செல்வது போல மாசையும் தகட்டுக்கே இழுத்துப் போகின்றன. இது நமக்குச் சாதகம். இரண்டாவது வெப்பச்சரிவு விசை. இது சற்று விந்தையானது. மின்னூட்டத் துகள்களுக்கிடையேயான மோதல், வேகம் கூடக்கூட வலுவிழக்கிறது. சூடான பக்கத்திலிருந்து வரும் அயனிகள் வேகமானவை; அவை மாசைக் குறைவாகவே தள்ளுகின்றன. குளிர்ந்த பக்கத்திலிருந்து வருபவை மெதுவானவை. அவை வலுவாகத் தள்ளுகின்றன. விளைவாக மாசு சூடான திசையை நோக்கி, அதாவது பிளாஸ்மாவின் உட்பகுதியை நோக்கி ஏறுகிறது. இவ்விசை மின்னூட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், எலக்ட்ரான்களை இழக்க இழக்க மாசு மேலும் வேகமாக மேலேறும். எலக்ட்ரான் வெப்பச்சரிவு, மின்புலம், அழுத்தச்சரிவு ஆகியவற்றின் விசைகளும் உண்டு; பெரும்பாலான நிலைமைகளில் வெற்றியைத் தீர்மானிப்பவை முன்சொன்ன இரண்டே. டைவர்ட்டர் மாசைப் பிடித்து வைத்திருக்குமா, விட்டுவிடுமா என்பது இந்த இழுபறியின் முடிவைப் பொறுத்தது.

புலக்கோட்டுக்குக் குறுக்கான நகர்வு கொந்தளிப்பால் நிகழ்வது. மெதுவானது, ஆனால் மாசை மூடிய பரப்புகளுக்குள் நுழையவிடுவது அதுதான். உள்ளே நுழைந்தபின் மோதல்களால் எழும் இன்னொரு விளைவு காத்திருக்கிறது. எரிபொருள் அடர்த்தி உள்நோக்கிக் கூடினால் மாசு உள்ளே இழுக்கப்படும்; வெப்பநிலை உள்நோக்கிச் செங்குத்தாக ஏறினால் வெளியே தள்ளப்படும். பின்னதை வெப்பநிலைத் திரை என்பர். மிகச் சூடான விளிம்பு கொண்ட ஐட்டரில் இத்திரை டங்ஸ்டனைத் தடுக்கும் என்று கணக்குகள் முன்னரே கூறின. அண்மையில் இங்கிலாந்தின் ஜெட் கருவியில், வெப்பம் மிகுந்த விளிம்பு அமைந்த சில சோதனைகளில் அத்தகைய தடுப்பு உண்மையில் நிகழ்வதற்கான சான்று கிடைத்தது.

கணக்கிடும் முறைகள்

இம்மாதிரிகள் இரு குடும்பங்களாக உள்ளன. ஒன்று, பிளாஸ்மாவைப் பாய்மமாகக் கருதுவது. ஒவ்வோர் அயனி நிலைக்கும் துகள் எண்ணிக்கை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமைச் சமன்பாடுகளை எழுதி, வலைக்கட்டங்களில் தீர்ப்பர். பாஸ் பிராம்ஸ் 1980களில் எழுதிய பி2 என்னும் நிரல் இவ்வகை. நடுநிலை அணுக்களுக்குப் பாய்மக் கருத்து பொருந்தாது. அவற்றைத் தனித்தனியே பின்தொடரும் ஐரீன் என்னும் நிரலை ஜெர்மனியின் யூலிஷில் டெட்லெவ் ரைட்டர் உருவாக்கினார். இரண்டும் இணைந்ததன் வழித்தோன்றலே இன்று ஐட்டர் வடிவமைப்புக்குப் பயன்படும் சோல்ப்ஸ்-ஐட்டர். அமெரிக்காவின் லிவர்மோரில் உருவான யுஎட்ஜ் இதே வகையினது. டங்ஸ்டனுக்கு 74 அயனி நிலைகள் இருப்பதால், பலவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். அப்படியும் முழுமையான ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும்.

மற்றொன்று மாண்டி கார்லோ முறை. இரண்டாம் உலகப் போரை அடுத்து லாஸ் அலமோசில் நியூட்ரான்களின் பாதையைக் கணிக்கத் தோன்றிய முறை இது. அடுத்து எங்கே மோதல், அதன்பின் எந்தத் திசை என்பதைத் தாயக்கட்டை உருட்டுவது போலத் தற்செயல் எண்களால் முடிவுசெய்து, பல்லாயிரம் சோதனைத் துகள்களை ஓடவிட்டுச் சராசரி காண்பர். கனடாவின் பீட்டர் ஸ்டாங்பி குழுவினரின் டிவிம்ப், யூலிஷில் வளர்ந்த ஈரோ ஆகியவை இவ்வகை. ஈரோ தகட்டின் அருகில் மில்லிமீட்டர் அளவில் நடப்பதைப் பார்க்கும். டிவிம்ப் முழு விளிம்பையும் பார்க்கும். முப்பரிமாண வடிவம் கொண்ட ஸ்டெல்லரேட்டர் கருவிகளுக்கு இஎம்சி3-ஐரீன் உண்டு. குஜராத் மாநிலம் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா டோகாமாக்கின் விளிம்பும் இந்நிரலால் ஆராயப்பட்டுள்ளது.

எந்த அணு எந்த வெப்பநிலையில் எவ்வளவு விரைவில் அயனியாகும், எவ்வளவு ஒளிரும் என்ற தரவுகள் தனியே வேண்டும். இசுக்காட்லாந்தின் இசுட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஹியூ சம்மர்சு தொடங்கிய அடாஸ் தரவுத்தொகுப்பே பெரும்பாலும் பயன்படுகிறது.

இவற்றின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். குறுக்கு நகர்வின் வேகத்தைக் குறிக்கும் விரவல் குணகத்தை இந்நிரல்கள் தாமே கண்டுபிடிப்பதில்லை. அளந்த வெப்பநிலையும் அடர்த்தியும் பொருந்தும்வரை அதன் மதிப்பை மனிதர்தான் மாற்றிமாற்றிப் போடுகிறார்கள். இருக்கும் கருவிக்கு இது விளக்கம் தரும். கட்டப்படாத கருவிக்கு முன்கணிப்பு என்று இதை அழைப்பது சற்றுத் துணிச்சலானதே.

கரி வீழ்ந்த கதை

1997இல் ஜெட் கருவியில் டிரிட்டியம் கொண்டு சோதனைகள் நடந்தன; 16 மெகாவாட் இணைவுத் திறன் எட்டப்பட்டது. அன்று அதன் சுவர் கரியாலானது. உள்ளே செலுத்தப்பட்டது மொத்தம் 35 கிராம் டிரிட்டியம். சோதனைகள் முடிந்து, தூய்மைப்படுத்தும் வேலைகளும் நடந்தபின் சுமார் 6 கிராம் வெளிவரவே இல்லை. தேடியபோது, உட்புற டைவர்ட்டரின் பின்னே, பிளாஸ்மா நேரடியாகப் பார்க்காத குளிர்ந்த மூலைகளில், கரியும் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளும் கலந்த படலங்கள் உரிந்து செதில்களாகக் கிடந்தன.

அங்கே அவ்வளவு கரி சேரும் என்று அன்றைய மாதிரிகள் சொல்லவில்லை. பின்னர் தெளிவான விளக்கம் இது: கரியை அரிக்க வேகமான அயனி தேவையில்லை, ஹைட்ரஜன் அதனுடன் வேதிவினை புரிந்து ஹைட்ரோகார்பன் வளிமங்களாகவே கிளப்பிவிடும். முதன்மை அறையின் சுவரில் கிளம்பிய கரி, விளிம்பில் ஓடும் பாய்வினால் உட்புற டைவர்ட்டருக்குச் சென்று படிந்தது. அங்கிருந்து மீண்டும் அரிக்கப்பட்டு, மீண்டும் படிந்து, தத்தித்தத்தி நிழலான மூலைகளை அடைந்தது. யூலிஷின் டெக்ஸ்டர் கருவியில் கரி-13 ஐசோடோப்பு கொண்ட மீத்தேனைச் செலுத்தி, அது எங்கே படிகிறது என்று அளந்தபோதும் இதே பாடம் கிடைத்தது. அருகில் படிந்தது ஈரோ கணித்ததைவிட மிகக் குறைவு. புதிதாகப் படிந்த மென்மையான கரி, கெட்டியான கரியைவிட எளிதில் மீண்டும் அரிக்கப்படுகிறது என்று கொண்டால்தான் கணக்கு அளவீட்டோடு ஒத்துவந்தது.

டிரிட்டியம் கதிரியக்கமுடையது, அரைவாழ்வுக்காலம் 12.3 ஆண்டுகள். ஐட்டரின் அறைக்குள் தங்க அனுமதிக்கப்படும் உச்ச அளவு சுமார் 1 கிலோகிராம். கரிச் சுவர் ஆறில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டே இருந்தால், அவ்வரம்பை எட்டச் சோதனைகள் பல நடக்க வேண்டியதில்லை. அதன்பின் உலையை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். எனவே உலகம் மீண்டும் டங்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தது. ஜெர்மனியின் கார்ஷிங்கிலுள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு கருவி படிப்படியாக மாறி 2007இல் முழு டங்ஸ்டன் சுவர் பெற்றது. ஜெட் 2011 முதல் பெரிலியச் சுவரோடும் டங்ஸ்டன் டைவர்ட்டரோடும் இயங்கியது. சுவரில் சிக்கும் எரிபொருள் பத்தில் ஒன்றுக்கும் கீழே குறைந்தது. ஐட்டர் நிர்வாகம் 2013இல் கரியை முற்றிலும் கைவிட்டது. 2024இல் வெளியான திருத்திய திட்டத்தில் பெரிலியத்துக்குப் பதிலாகவும் டங்ஸ்டனே இடம்பெற்றது. முழுச் சுவரும் டங்ஸ்டன் என்றால் ஆக்சிஜனைப் பிடித்து வைக்க வேறு பொருள் வேண்டும் என்பதால் போரான் பூச்சும் சேர்க்கப்பட்டது. இனி அந்தப் போரான் எங்கே பெயர்ந்து எங்கே படியும், எவ்வளவு டிரிட்டியத்தைத் தன்னுடன் புதைக்கும் என்பது மாதிரியாளர்களின் மேசையில் உள்ள புதிய கேள்வி.

வேண்டுமென்றே சேர்க்கும் மாசு

இவ்வளவு அஞ்சிய மாசை நாமே ஊற்றுவதும் உண்டு. விளிம்பில் மட்டும் ஒளிர்ந்து, வெப்பத்தைக் கதிர்வீச்சாகச் சுவர் முழுவதும் பரப்பிவிட்டால், டைவர்ட்டர் தகட்டின் ஒரு கீற்றில் விழும் வெப்பம் குறையும். இதற்கு நைட்ரஜன், நியான், ஆர்கான் ஆகியவை சிறிதளவு செலுத்தப்படுகின்றன. அளவு சரியாக அமைந்தால் தகட்டருகே வெப்பநிலை சில எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கி, பிளாஸ்மா தகட்டைவிட்டு விலகியது போன்ற நிலை உண்டாகும். குறைந்தால் தகடு உருகும். மிகுந்தால் மாசு உள்ளேறி உலையைக் குளிர்விக்கும்.

எந்த வளிமம் என்பதிலும் சிக்கல் உண்டு. நைட்ரஜன் இன்றைய கருவிகளில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஹைட்ரஜனுடன் சேர்ந்து அமோனியாவாகும், டிரிட்டியம் கலந்த அமோனியாவைக் கையாள்வது எளிதன்று. நியான் வினை புரியாது. ஆயினும் நடுத்தரக் கருவிகளில் அது டைவர்ட்டரில் நிற்காமல் உள்ளே ஏறிவிடுகிறது. ஐட்டரின் அளவுக்கு நியானே போதும், அங்கு அது டைவர்ட்டரில் தங்கிவிடும் என்று சோல்ப்ஸ் கணக்குகள் கூறுகின்றன. முன்பு கண்ட உராய்வுக்கும் வெப்பச்சரிவுக்கும் இடையேயான இழுபறியில், பெரிய கருவியில் உராய்வு வெல்லும் என்பதை நம்பியே இம்முடிவு நிற்கிறது. ஜெட் 2023 டிசம்பரில் நிறுத்தப்படும்முன் நியான் சோதனைகளுக்குக் கணிசமான நேரம் ஒதுக்கப்பட்டதும் இதனால்தான். அங்கு பதிவான அளவீடுகளோடு நிரல்களைப் பொருத்திப் பார்க்கும் வேலை இப்போது நடந்துவருகிறது.